கூம்பு ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார்

"அண்ணே, நீங்க நெசமாவே வாசிக்கிறீங்களா, இல்ல சும்மா புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களா?"

கேட்டவனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். மேடையின் ஓரத்துச் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு, கையில் உருகிக்கொண்டிருந்த ஐஸோடு நின்றான். ராமேஸ்வரம் போகும் வழியில் கடலோர ஊர் ஒன்றின் திருவிழா. ஆடி மாதக் கச்சான் காற்றில் மேடைக்குப் பின்னால் கட்டிய படுதா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாக வாசித்து வலது கை இரண்டு விரல் நுனியும் எரிந்துகொண்டிருந்தன. பையன் கிண்டல் பண்ணவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன். ஊருக்குத் திரும்பும் வேனில் குழுவை நடத்துகிற அண்ணன் அதே விஷயத்தை வேறு மாதிரி ஆரம்பித்தார். "கீபோர்டு தம்பி இடது கைலயே பேஸப் போட்டுக்கிறேங்கிறான்டா. ஒரு ஆள் சம்பளம் மிச்சம்னு பாக்கல... இருந்தாலும் யோசிக்கணும்ல." யோசித்துவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

அந்த வாரம்தான் நான் பெடல் வாங்குவதைப் பற்றித் தீவிரமாக யோசிக்க ஆரம்பித்தேன். யூடியூபைத் திறந்தால் ஒரு உலகமே இருக்கிறது. பின்லாந்தில் செய்த டார்க்கிளாஸ், ஜப்பானின் பாஸ், அமெரிக்காவின் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், எம்எக்ஸ்ஆர், டெக் 21, நம்ம மும்பையிலேயே அனிமல் ஃபேக்டரி. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நல்ல விளக்கு வெளிச்சத்தில், நல்ல ஹெட்ஃபோனுக்கு, நல்ல ஒலித்தடுப்பு அறையில் வாசித்துக் காட்டுகிறார். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்கு ஒரு கச்சேரிக்கு 1,500 ரூபாய். சீசனில் மாதம் ஐந்தாறு கச்சேரி, மழைக்காலத்தில் ஒன்றும் கிடையாது. ஒரு சாதாரண பிராண்டட் பெடல் புதிதாக வாங்கினால் ஏழெட்டுக் கச்சேரி போய்விடும். டார்க்கிளாஸ் மாதிரி வாங்கினால் சீசனே போய்விடும். ஆகவே "புது பெடல் வாங்கலாமா" என்பது எனக்கு ரசனை சார்ந்த கேள்வி மட்டுமில்லை. இணையத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் எல்லாமே படுக்கையறையிலிருந்து வருகின்றன. திருவிழா மேடையில் நின்று கேட்டால் கேள்வியே வேறாக இருக்கிறது.

முதலில் ஸ்பீக்கர். பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்த் தந்தி, ஈ, விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அடுத்தது ஏ, 55. பிறகு டி 73, ஜி 98. எங்கள் பக்கத்துத் திருவிழாவில் மேடைக்கு இரண்டு பக்கமும் நான்கைந்து பாக்ஸ் வைப்பார்கள். அதில் கொஞ்சம் பேஸ் கேட்கும். ஆனால் ஊர் கேட்பது அதையல்ல. தெருமுனை, மீன் ஏலம் போடுகிற கொட்டகை, பஸ் ஸ்டாப் என்று கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கும் கூம்பு ஸ்பீக்கரைத்தான் ஊர் கேட்கிறது. கூடாது, கூடாது என்று போலீஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், ரேடியோ செட்காரர்கள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கூம்பு என்பது மனிதக் குரலை வெகுதூரம் எறிவதற்காகச் செய்த கருவி. 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பெரும்பாலும் ஊமை. என் நான்கு தந்தியின் அடிப்படை அதிர்வும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. திறந்த தந்தியை விடுங்கள், ஜி தந்தியின் பன்னிரண்டாவது கட்டையில் விரல் வைத்தால்கூட 196தான். அந்தப் பையன் மேடைக்குப் பக்கத்தில் நின்றாலும், அவன் காதுக்கு நேர் மேலே கட்டியிருந்தது ஒரு கூம்பு. அவன் சொன்னது சரி. அவனைப் பொறுத்தவரை நான் சும்மா புடிச்சிக்கிட்டுத்தான் நின்றேன்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய லேண்ட்லைன் போனை நினைத்துப் பாருங்கள். அதன் வழியாக 300லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ஆண்குரலின் அடிப்படை அதிர்வு சுமார் 100, 120. அதாவது அப்பா போனில் பேசும்போது அவர் குரலின் அஸ்திவாரம் கம்பியில் வரவே இல்லை. ஆனாலும் நமக்கு அப்பா குரல் அப்பா குரலாகவே கேட்டது, திடீரென்று கீச்சுக்குரல் ஆகிவிடவில்லை. எந்தச் சுரமும் தனியாக வருவதில்லை. 100ஐத் தட்டினால் அதன் தலைக்கு மேல் 200, 300, 400, 500 என்று மேற்சுரங்கள் வரிசையாக ஏறி நிற்கும். அடித்தளம் காணாமல் போனாலும், மாடிகள் சம இடைவெளியில் இருப்பதைப் பார்த்து மூளை அடித்தளத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. இல்லாத சுரத்தை நாம் கேட்கிறோம்.

ஆக, கூம்பில் பேஸ் கேட்க வேண்டுமென்றால் கீழே இருப்பதைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. மேற்சுரங்களைக் கூட்ட வேண்டும். 41ஐக் கூம்பு பாடாது. 288, 329, 370 எல்லாவற்றையும் பாடும். ரேடியோ செட்காரரிடம் "அண்ணே, பேஸ் கொஞ்சம் ஏத்துங்க" என்று கெஞ்சிய வருஷங்கள் எல்லாம் வீண் என்று எனக்கு இது புரிந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரும் பாவம், ஏற்றிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். ஆம்ப்ளிஃபயர் சூடானதுதான் மிச்சம்.

மேற்சுரத்தை எப்படிக் கூட்டுவது? ஒலி அலையின் தலையையும் வாலையும் வெட்டினால் போதும். வட்டமாக ஏறி இறங்கும் அலையை மேலேயும் கீழேயும் தட்டையாக நறுக்கினால் அதில் இல்லாத மேற்சுரங்கள் பிறந்துவிடும். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என்று பெடல் கடையில் விற்கும் எல்லாமே இந்த வெட்டும் வேலைதான். கொஞ்சமாக வெட்டினால் ஒன்று, முரட்டுத்தனமாக வெட்டினால் மற்றொன்று.

இதன் பூர்வ கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1960களின் தொடக்கத்தில் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டின் பதிவில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் வாசித்தார். ஒலிப்பதிவு மேசையில் ஒரு சேனல் கெட்டுப்போயிருந்தது. பேஸ் கரகரவென்று, தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி கேட்டது. அப்படியே விட்டுவிட்டார்கள், பாட்டு ஹிட். மற்றவர்களும் அதே கரகரப்பைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறை ஒரு சின்னச் சர்க்யூட்டில் திரும்பச் செய்தார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி, 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்று விற்றது. உலகத்தில் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் இந்த வியாபாரத்தின் தொடக்கம் கெட்டுப்போன ஒரு மிக்ஸர், அதுவும் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது. எங்க ஊர் மிக்ஸர்களில் அந்த எஃபெக்ட் இலவசமாகவே வரும். என்ன, நாம் கேட்கும்போது வராது.

அதற்குப் பிறகு 1965இல் பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் பாட்டொன்றில் ஃபஸ் போட்டு பேஸ் வாசித்தார். எழுபதுகளில் பூட்ஸி காலின்ஸ் மியூட்ரான் வழியாகத் தன் பேஸை 'வாவ் வாவ்' என்று பேசவைத்தார். 1983இல் மெட்டாலிகாவின் முதல் ஆல்பத்தில் கிளிஃப் பர்ட்டன் ஒரு முழு டிராக்கை வாவும் டிஸ்டார்ஷனும் போட்டுத் தனியாக வாசித்தார். பெடல்காரர்கள் தரப்பில் அடுக்கப்படும் சாட்சிகள் இவர்கள்தான். எதிர்த்தரப்புக்கு ஒரே சாட்சி போதும்: ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் அறுபதுகளின் ஹிட்களில் பெரும்பங்கை வாசித்தவர். ஒரு ஃபெண்டர் பிரிசிஷன், வழவழப்பான ஃபிளாட் தந்திகள், வலது கையில் ஒரே ஒரு விரல். எந்தப் பெடலும் கிடையாது, நேராக மேசைக்குள் வயர். தந்தி அறுந்தால்தான் மாற்றுவார் என்பார்கள். பல வருஷம் ரெக்கார்டு உறையில் அவர் பெயரே வரவில்லை. 1971இல் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் வந்தது.

இந்தக் கடைசி விஷயம் நமக்கு நன்றாகவே பழக்கம். எண்பதுகளின் தமிழ்க் கேசட் உறையில் நடிகர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் முகமே இருக்கும். பேஸ் வாசித்தவர் பெயர் இருக்காது. இளையராஜாவிடம் வருஷக்கணக்கில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை நம்மில் பலர் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்து, கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்ற பிறகு இணையத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

எங்களைப் போன்ற குழுக்கள் மேடையில் வாசிப்பதில் பாதிக்கு மேல் ராஜா பாட்டுதான் என்பதால், பெடல் கேள்வியை அந்தப் பாட்டுகளைத் தாண்டி யோசிக்க முடியாது. 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'பயணங்கள் முடிவதில்லை', 1982. எல்லாரும் அந்த அக்கூஸ்டிக் கிட்டாரைப் பற்றித்தான் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு முறை கிட்டாரையும் பாலுவையும் மனசால் மூடி வைத்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது கார்டின் வேரை மிதித்துக்கொண்டு ஓரமாக நிற்கவில்லை. பாடகர் மூச்சு விடும் இடத்தில் உள்ளே வருகிறது, அவர் திரும்பி வரும்போது வழி விடுகிறது, போகிற போக்கில் தனக்கென்று ஒரு வரியைப் பாடிவிட்டுப் போகிறது. அந்த வரியை மட்டும் தனியாக முணுமுணுக்க முடியும். நான் பஸ்ஸில் போகும்போது அதைத்தான் முணுமுணுப்பேன், பக்கத்து சீட்காரருக்கு என்ன பாட்டென்றே புரியாது.

ராஜா இதையெல்லாம் பேஸ்காரரின் இஷ்டத்துக்கு விடாமல் நொட்டேஷனாக எழுதிக் கொடுப்பவர். அவரே கிட்டார்காரர். சினிமாவுக்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக, கட்சி மேடை மேடையாகப் போய் வாசித்தவர். அந்த மேடைகளில் என்ன ஸ்பீக்கர் இருந்திருக்கும்? அவர் பாட்டு பிறகு ஒலித்த இடங்கள்தான் எவை? டீக்கடை, டூரிங் டாக்கீஸ், பஸ், சைக்கிள் கேரியரில் கட்டிய ட்ரான்சிஸ்டர். என் காதுக்கு ஒன்று தோன்றுகிறது, ஆராய்ச்சி முடிவாகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டுகளின் பேஸ் அடிக்கடி மேலே ஏறிப் பேசுகிறது. கீழ்த் தந்தியின் ஆழத்திலேயே கிடக்காமல் நடுக்கழுத்துக்கு வந்து, டி, ஜி தந்திகளில் வாக்கியம் அமைக்கிறது. அங்கே வாசித்தால் மேற்சுரங்கள் சின்ன ஸ்பீக்கர் எட்டும் இடத்தில் விழும். அதனால்தான் ஒரு டீக்கடை ரேடியோவில்கூட அந்த பேஸ் நம் காலை ஆட்டியது. இதை எழுதும் முன் சோதித்துப் பார்த்தேன். 'இளைய நிலா'வை செல்போனின் சொந்த ஸ்பீக்கரில், ஹெட்ஃபோன் இல்லாமல், மேசையில் வைத்துக் கேட்டால் பேஸ் வரியைப் பின்தொடர முடிகிறது. இப்போதைய பல ஹிட்களை அதே போனில் கேட்டால் பேஸ் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருக்கிறது. அவற்றின் பேஸ் காருக்கும் தியேட்டருக்கும் செய்தது, நெஞ்சில் அடிக்கும், அறைக்கு வெளியே வந்தால் செத்துவிடும்.

அப்படியானால் முதல் பெடல் என்பது விரல்தான். காசில்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் இவை. ஒரே சுரத்தை ஒரு ஆக்டேவ் மேலே வாசிப்பது. வலது கையைக் கழுத்துப் பக்கத்திலிருந்து பிரிட்ஜ் பக்கம் நகர்த்துவது, அங்கே மீட்டினால் மேற்சுரம் அதிகம். விரலுக்குப் பதில் பிளெக்ட்ரம். பிளெக்ட்ரம் பிடித்து பேஸ் வாசித்தால் ஏதோ மரியாதைக் குறைவு என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அது சுத்த மடத்தனம். கடைசியாகத் தந்தி. கடலோரத்தில் ரவுண்ட் தந்தி மூன்று வாரத்தில் செத்துவிடும். வியர்வையோடு உப்பும் சேர்ந்து சுற்றுக்கம்பி இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும், ஒலி மங்கி மரக்கட்டை ஆகிவிடும். புது செட் வாங்கக் காசில்லாதவர்கள் தந்தியைக் கழற்றி வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துத் துடைத்து மாட்டுவார்கள். நானும் செய்வேன். அம்மா "நண்டு வேக வைக்கிற சட்டில ஏன்டா கம்பியப் போடுற" என்று திட்டும். இரண்டு கச்சேரிக்குத் தாங்கும்.

இதையெல்லாம் செய்தபிறகும் கூம்பில் பாதிதான் கேட்டது. ஆகவே பெடல்.

நண்பனிடம் ஒரு ஆக்டேவ் பெடல் இருந்தது, வாங்கிக்கொண்டு வந்து ஒரு வாரம் வைத்திருந்தேன். வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழே இன்னொரு சுரத்தைச் சேர்க்கும். வீட்டில் கேட்டால் ராட்சசன் நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. மேடையில்? கீழ் ஈயின் 41இல் பாதி இருபதரை. மனிதக் காதின் எல்லையே 20. கேட்காத சுரத்துக்குக் கீழே கேட்கவே முடியாத சுரத்தைச் சேர்த்து, அதற்கு ஆம்ப்ளிஃபயரின் சக்தியையும் செலவழிக்கும் ஏற்பாடு அது. உயரத்தில் வாசிக்கும்போது, ஸ்டூடியோவில், நல்ல சப்வூஃபரில் அதன் மதிப்பு வேறு. இந்த வகையின் அரசன் பாஸ் கம்பெனியின் ஓசி 2, 1982இல் வந்தது, 2003 வாக்கில் நின்றுபோனது. 2020இல் ஓசி 5 என்று புது மாடல் போட்டார்கள். அதன் பெரிய விற்பனை அம்சமே பழைய ஓசி 2 மாதிரி ஒலிக்கும் ஒரு சுவிட்ச். பெடல் சந்தையில் 'புதுசு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒலியைப் புதுப் பெட்டியில் வாங்குகிறோம்.

ஃபில்டர், கோரஸ், டிலே எல்லாம் மேடையில் ஒரு பாட்டுக்கு வேடிக்கை, அடுத்த பாட்டுக்குத் தொந்தரவு. கம்ப்ரெஸர் நல்ல பொருள்தான், சத்தத்தின் மேடுபள்ளத்தைச் சமன் செய்யும். ஆனால் என் பிரச்சினை மேடுபள்ளம் இல்லை.

கிட்டார்காரர்களின் ஓவர்டிரைவை வாங்கி பேஸில் செருகலாமே என்று பலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிரபலமான பச்சை நிற ஐபானெஸ் டியூப் ஸ்க்ரீமரின் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக பூஸ்ட்டைக் குறைத்துக்கொண்டே வரும்படி வடிவமைக்கப்பட்டது. கிட்டாருக்கு அது வரம், குழப்பம் இல்லாமல் நடுப்பகுதி மட்டும் முன்னால் வரும். பேஸைச் செருகினால் உடம்பு மெலிந்து எலும்புக்கூடு மட்டும் கேட்கும். கூம்பில் நன்றாக இருக்கும், பாக்ஸில் மோசமாக இருக்கும். பேஸுக்கென்றே செய்த ஓவர்டிரைவ்களில் 'பிளெண்ட்' என்று ஒரு திருகாணி இருப்பது இதற்காகத்தான். வெட்டாத சுத்தமான ஒலியையும் வெட்டிய ஒலியையும் வேண்டிய விகிதத்தில் கலந்துகொள்ளலாம். பாக்ஸுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு ஆழம், கம்பத்தடியில் இருப்பவனுக்கு மேற்சுரம். ஒரே வயரில் இரண்டு ஊருக்கும் சாப்பாடு.

இன்னொரு விஷயம் டிஐ. எங்கள் மேடையிலிருந்து மிக்ஸர் நூறடி தள்ளி, சில சமயம் பந்தலுக்கு வெளியே இருக்கும். கிட்டார் வயர் அவ்வளவு தூரத்துக்குச் செய்ததல்ல. வழியில் உயர் அதிர்வுகளையெல்லாம் சிந்திக்கொண்டே போகும், ஜெனரேட்டரின் 'ம்ம்ம்' சத்தத்தையும் சீரியல் லைட்டின் கிரகிரப்பையும் பொறுக்கிக்கொண்டே போகும். நான் கஷ்டப்பட்டு பிளெக்ட்ரத்தால் உண்டாக்குகிற மேற்சுரத்தை வயரே தின்றுவிடுகிறது. டிஐ உள்ள பிரீஆம்ப் பெடல் இதைச் சரிசெய்து, மைக் வயர் மாதிரி மூன்று முனை வயரில் சுத்தமாக அனுப்பிவைக்கும். டெக் 21 கம்பெனியின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ இந்த வகையின் முன்னோடி, தொண்ணூறுகளில் வந்தது. பிரீஆம்ப், ஓவர்டிரைவ், பிளெண்ட், டிஐ எல்லாம் ஒரே பெட்டி. அதைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள் ஏராளம். வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஆனால் கூம்பின் வாய் வழியாக வெளியே வரும்போது அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிற காது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தால் அவரை நான் சந்திக்க ஆசைப்படுகிறேன்.

பெடலை ஆதரிப்பவர்கள் ராஜா பாட்டோடு உலகம் முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2018இல் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் பறையும் ராக்கும் ஒன்றாக மோதின. அந்த மாதிரி இசைக்கு பேஸ் உறுமினால்தான் அழகு. அங்கே ஃபஸ் ஒரு கருத்து. சொந்தப் பாட்டு எழுதுகிற பையன்கள் இந்தக் கடற்கரையிலும் இருக்கிறார்கள், அவர்கள் தைரியமாக முரட்டு ஃபஸ் வாங்கட்டும், மும்பைப் பெட்டியே வாங்கட்டும். நான் சொல்வது அடுத்தவர் பாட்டை வாசித்துப் பிழைக்கிறவனின் கணக்கு. 'இளைய நிலா'வில் கரகரப்பு வெளியே தெரிந்தால் கேட்பவன் முகம் சுளிப்பான். அங்கே ஓவர்டிரைவ் குழம்பில் போடுகிற உப்பு மாதிரி. இருப்பது தெரிந்தால் கூடிப்போச்சு.

உப்பு என்றதும் அடுத்த சங்கதி. பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறந்தது. துரு அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சும் போட வேண்டியிருந்தது. ரயில்வேக்கே இந்தக் கதி. நாலு திருகாணியும் இரண்டு ஜாக்கும் உள்ள தகரப் பெட்டி என்ன செய்யும்? என்னிடம் முன்பு இருந்த ஒரு பெடலின் திருகாணிகள் இரண்டே வருஷத்தில் திருகும்போதெல்லாம் அப்பளம் நொறுக்குகிற சத்தம் போட ஆரம்பித்தன. ஜாக்கின் வாயில் பச்சைப் பூ பூத்தது. அடுத்த கச்சேரியில் பாட்டு நடுவில் பேஸ் போய்ப் போய் வந்தது. புதுப் பொருளின் விலையைக் கணக்குப் போடும்போது இங்கே ஆயுளைப் பாதியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். முப்பதாயிரம் ரூபாய்ப் பெடலும் நாலாயிரம் ரூபாய்ப் பெடலும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. ஒரு டிபன் டப்பா, உள்ளே பழைய செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா பொட்டலம் நாலு, வாசித்து முடித்ததும் துடைத்து உள்ளே வைத்து மூடி இறுக்குவது. நான் கண்ட பராமரிப்பு இவ்வளவுதான்.

ஆக என் தீர்ப்பு: பேஸுக்கென்றே செய்த ஓவர்டிரைவும் பிளெண்டும் டிஐயும் உள்ள பெட்டி ஒன்று வாங்கலாம். புதுசாக வேண்டாம். இந்தச் சர்க்யூட்டுகளில் முப்பது வருஷமாக அடிப்படையில் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. மதுரையிலோ திருச்சியிலோ கோர்ஸ் முடித்து வேலைக்குப் போய்விட்ட யாராவது ஒரு பையன் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருப்பான், கடற்கரைக்கு வராத பெடலாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கினேன், 3,000 ரூபாய், இரண்டு கச்சேரிச் சம்பளம். பிராண்ட் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும்.

முதல் நாள் சவுண்டு செக்கில் ரேடியோ செட்காரரிடம் பேஸை ஏற்றச் சொல்லவில்லை. கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படிக் கேட்ட முதல் பேஸ்காரன் நான்தான் போல. ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நண்பன் ஒருவனை முக்கு ரோட்டுக் கம்பத்தடிக்கு அனுப்பிவிட்டு வாசித்துக்காட்டினேன், அவன் போனில் சொல்லச் சொல்ல பிளெண்டைத் திருகினேன். "கேக்குது... கேக்குது... இப்ப கரகரங்குது, கொறை... ம், இப்ப சரி. என்ன பாட்டுன்னே தெரியுதுடா."

அண்ணன் இன்னும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் ஐந்து கச்சேரியில் மூன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார், இரண்டுக்குக் கீபோர்டு தம்பியின் இடது கை. அந்தத் தம்பியும் நன்றாகத்தான் வாசிக்கிறான். 'இளைய நிலா' வருகிற செட்டுக்கு மட்டும் என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறார்.